மரத்தலைக் கம்பு

இந்தக் காலத்து ஆட்களுக்கு மூஞ்சிக்கு நேரே பேசத் தெரியாது. ஆபீசில் போய் ஒரு காரியம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். வீட்டுக்குப் போனால், ஐயா பூஜையில் இருக்கிறார் என்று பதில் வரும். அதே ஐயா விடிந்ததும் கவடியார் பக்கத்துப் புல்வெளியில் கால்சட்டை மாட்டிக்கொண்டு, கோல்ஃப் என்று எலுமிச்சங்காய் அளவு பந்தை அடித்துவிட்டு அதன் பின்னாலேயே நடப்பார். கேட்க வேண்டியதை அங்கேதான் கேட்க வேண்டுமாம். பழவங்காடியில் மண்வெட்டியும் கடப்பாரையும் விற்றுத் தலை நரைத்த பிச்சையா பிள்ளைக்கு இது மகா கேவலமாகப் பட்டது. ஆனாலும் அறுபது தாண்டிய வயசில் அவரும் ஒரு கால்சட்டை தைத்துக்கொண்டார்.

எல்லாம் ஒரே மகன் அழகியநம்பிக்காக. மராமத்து இலாகாவில் அவன் ஓவர்சியர். நவம்பர் பிறந்தால் நாஞ்சில்நாடு இந்த மலையாள ராஜ்யத்தை விட்டு மதராஸோடு சேர்கிறது. இங்கே வேலை பார்க்கும் தமிழர்களில் யார் அங்கே போவது, யார் இங்கேயே இருப்பது என்று செக்ரட்டேரியட்டில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அழகியநம்பி போகிறவர்களோடு சேர்ந்துவிட்டான் என்று கடைக்கு வந்த ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். நாகர்கோவில் என்றால்கூடப் பரவாயில்லை. சேலம், இல்லையென்றால் கடப்பாரை விலைபோகாத வேறு ஏதாவது ஊர் என்று தூக்கிப் போட்டால்? சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து கடையில் உட்கார அவனை விட்டால் யாரை நம்புவது? அவனையுமே பிள்ளை முழுசாக நம்பியதில்லை. அவன் பூட்டிய பூட்டைத் தானும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

“அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?” என்றாள் மனைவி வடிவாம்பாள்.

“அவன்கிட்ட என்னத்தக் கேக்கதுக்கு? அவனுக்கு என்ன தெரியும்?”

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஆட்களைப் பிரிக்கிற வேலை அனந்தபத்மநாபன் கையில் இருந்தது. கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், பெரிய பதவி. மைதானத்து வேலிக்கு முள்கம்பி கொடுத்த பழக்கத்தில் பிள்ளை அவரைப் பிடித்தார். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ஒரு பொய்யையும் சொல்லி, அவருடைய விருந்தாளியாக உள்ளே நுழைந்துவிட்டார்.

குட்டைக் கம்பு சீக்கிரமே வசப்பட்டது. அதற்கு இரும்புத் தலை. மண்வெட்டி போல மேலிருந்து இறக்கினால் பந்து எகிறிப் போய் விழும். வினை நீளக்கம்பில் வந்தது. அதன் தலை மரம். இரும்பு விற்கிறவருக்கு மரத்தலையில் என்ன நம்பிக்கை? சுண்டிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார். அடித்தால் ஒரு சமயம் பந்துக்குப் பின்னால் மண் பெயர்ந்தது. ஒரு சமயம் பந்தின் உச்சியில் பட்டு, அது எலி மாதிரி புல்லுக்குள் ஓடியது. நன்றாகப் பட்டால் இன்னும் மோசம். வலப்பக்கம் வளைந்து, அவரே விற்ற முள்கம்பிக்கு அப்பால் போயிற்று.

அனந்தபத்மநாபன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பந்து இடது குதிகாலுக்கு நேரே இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லும், கம்பு மேலே போகையில் அவசரம் கூடாது, இறங்கும்போது வெட்டாமல் முற்றம் பெருக்குகிற மாதிரி வீசும் என்றார். பிள்ளை கடையின் பின்கட்டில் மண்வெட்டிப் பிடியை வைத்துக்கொண்டு அத்தனையும் பழகினார். பக்கத்துக் கடைத் தாணுலிங்கம் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, பாம்பு வந்துட்டா?” என்று கேட்டதையும் பொறுத்துக்கொண்டார். ஒன்று மட்டும் அவரால் ஆகவில்லை.

“பிள்ளைவாள், பிடியை லூசாக்கும், கேட்டோ. இத்தனை நீளக் கம்பு தானே சுத்தி வந்து அடிக்கும். நீர் கூடவே பிடிச்சு இழுக்கறதாலதான் கோணிண்டு போறது.”

“விட்டா கம்பு பறந்துல்லா போயிரும் சாமி?”

“போகாது. ஒரு தடவை விட்டுத்தான் பாருமேன்.”

பிள்ளைக்கு மனசு ஒப்பவில்லை. கையில் இருப்பதை இறுக்கிப் பிடிக்காமல் எவன் வேலை செய்வான்? அவர் இன்னும் இறுக்கினார். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பிற்று. வடிவாம்பாள் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அழகியநம்பி வந்து நின்றான். அப்பாவின் கையைப் பார்த்தான்.

“அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“பின்கதவைப் பூட்டினியா?”

“பூட்டிட்டேன்.”

“இழுத்துப் பாத்தியா?”

அவன் உள்ளே போய்விட்டான். வடிவாம்பாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலை ஐப்பசி மாசத்துத் துலாவர்ஷத் தூறல். மைதானத்துக்கு அவர்கள் இருவரைத் தவிர யாரும் வரவில்லை. பிள்ளை நீளக்கம்பை எடுத்து நின்றார். ராத்திரி கொப்புளம் உடைந்திருந்தது. விரலை மடக்கினாலே உயிர் போயிற்று. பிடிக்க முடியாமல் பிடித்து, ஏனோதானோ என்று வீசினார். சத்தமே பெரிதாக வரவில்லை. பந்து நேராகக் கிளம்பி, சாம்பல் வானத்துக்குள் போய், எங்கோ தூரத்தில் இறங்கியது.

அனந்தபத்மநாபன் குடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று பிள்ளைக்குத் தோன்றியது. மகனை இங்கேயே நிறுத்தித் தர வேண்டும், ஒரே பிள்ளை, தனக்கும் வயசாகிறது என்றார்.

அனந்தபத்மநாபன் கைதட்டுவதை நிறுத்தினார். குடையை எடுத்து விரித்துக்கொண்டார்.

“பிள்ளைவாள், உமக்குத் தெரியும்னுன்னா நினைச்சேன். அவனை யாரும் அனுப்பலை. அவனே என்கிட்ட வந்து கேட்டான். எந்த ஊரானாலும் சரி, எத்தனை தூரமானாலும் சரின்னான்.”

“யாரு, எம்மவனா?”

“உம்ம மகன்தான்.”

பிள்ளை இன்னொரு பந்தைக் குனிந்து வைத்தார். இந்தத் தடவை வலி பாராமல், பிடியில் ரத்தம் பிசுபிசுக்க இறுக்கிப் பிடித்து வீசினார். பந்து வலப்பக்கம் வளைந்து வேலியைத் தாண்டி மறைந்தது.

“பாத்தீரா? பிடியை விட்டா நேரா போறது, இறுக்கினா கோணிண்டு போறது.”

“முன்னது குருட்டாம்போக்குல பட்டது சாமி” என்றார் பிள்ளை. “எம்மவன் தானா அப்படிக் கேக்க மாட்டான். எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்.”

கம்பை அனந்தபத்மநாபன் கையில் கொடுத்துவிட்டு, பந்து போன பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார். மழை வலுத்தது. வேலிக் கதவைச் சாத்தி, கொக்கி விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தார். விழுந்திருந்தது. மறுபடியும் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, எவன் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று யோசித்துக்கொண்டே நனைந்தபடி நடந்தார்.