முடிக்குத்தான் அந்த மாத்திரை

கர்ப்பம் பார்க்கும் குச்சி இரண்டு கோடு காட்டியது. ரத்தப் பரிசோதனை ஒன்றுமே இல்லை என்றது. எதை நம்புவது என்று தெரியாமல், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி டாக்டரம்மாவின் எதிரே உட்கார்ந்திருந்தாள் அண்ணி. பக்கத்தில் நாத்தனார். இருவரும் சேர்ந்துதான் பார்லர் நடத்துகிறார்கள். நாத்தனாருக்குக் கடையில் கத்திரி என்று பேர். கை வேகத்துக்கு வைத்ததா, வாய் வேகத்துக்கு வைத்ததா என்பது வைத்தவர்களுக்கே மறந்துவிட்டது. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கைக்காரர்களுக்கும் இவள் அண்ணியாகிவிட்டாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இரண்டு கோட்டைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"குச்சி சில சமயம் ஏமாத்தும்மா. ரத்தத்துல கர்ப்ப ஹார்மோன் துளிகூட இல்ல. மாத்திரை எழுதறேன், நின்னது வந்துடும்."

பேனா மூடி திறந்தது.

"எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். அந்த ஹார்மோன் யாரோடது, என்னுதா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கருவோடது. உள்ள வந்து ஒட்டினதும் அது செய்யற முதல் வேலையே சொல்லியனுப்பறதுதான். சினைப்பையில முட்டை வெளிய வந்த இடத்துல ஒரு சின்ன உருண்டை இருக்கும். அது சொல்லித்தான் கருப்பையில மெத்தை விரிஞ்சிருக்கு. ஆள் வரலன்னா மெத்தையைச் சுருட்டிடும், அதுதான் மாசாமாசம் நாம பாக்கறது. வந்துட்டா, 'சுருட்டாதே, நான் வந்தாச்சு'ன்னு தகவல் போகும். அந்தத் தகவல்தான் இந்த ஹார்மோன்."

"கண்ணு மூக்கு வரல, அதுக்குள்ள வாயா?" என்றாள் கத்திரி. "சந்தேகமே வேண்டாம், எங்க குடும்பத்துப் பிள்ளைதான்."

அண்ணி சிரிக்கவில்லை. "குச்சியும் ரத்த டெஸ்டும் அதே தகவலைத்தானே தேடுது? ஒண்ணுக்குக் கேக்குது, இன்னொண்ணுக்குக் கேக்கல. யாரோட காது கெட்டுப்போச்சு?"

"நியாயமான கேள்வி. வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"தலைவலிக்குக்கூடப் போடமாட்டேன்."

டாக்டர் குனிந்து முடிவை மறுபடி பார்த்தார். அவர் குனிந்ததும் கத்திரிக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

"தப்பா நினைக்காதீங்க டாக்டரம்மா, வகிடு அகலமாகுது. எங்க கடையில ஒரு மாத்திரை விக்கிறோம். நானும் அண்ணியும் தினம் போடறோம். எங்க தலையைப் பாருங்க, அதைவிட விளம்பரம் வேணுமா?"

டப்பா மேஜைக்கு வந்துவிட்டது. அண்ணிக்கு எங்காவது ஓடி ஒளியலாம் போலிருந்தது.

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்த டாக்டர் நிமிர்ந்தார். "மருந்து சாப்பிடறதில்லன்னீங்களே?"

"இது மருந்தா? இது முடிக்கு."

"பயோட்டின். வைட்டமின்தான், ஆனா அளவு அநியாயம்." லேபுக்குப் போன் போட்டு, அவர்கள் மெஷினைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தார். "இவங்க மெஷின்ல ஹார்மோனைப் பிடிக்க ஒரு கொக்கி. கொக்கி நுனியில பயோட்டின் இருக்கும், அது ஒரு பசையில போய் ஒட்டும். உங்க ரத்தத்துல மிதக்கற பயோட்டின் முன்னாடியே பசை முழுக்க உக்காந்துட்டா? கொக்கிக்கு ஏது இடம்? ஹார்மோனோட சேந்து கழுவிக்கிட்டுப் போயிடும், மெஷினும் ஒண்ணுமில்லன்னு சொல்லிடும். குச்சியில இந்த வம்பு இல்ல."

"துண்டு போட்டு இடம் பிடிச்சிருக்கு," என்றாள் அண்ணி மெதுவாக. "வந்த ஆளு நின்னு பாத்துட்டுத் திரும்பியிருக்கு."

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம். மாத்திரையை நிறுத்திட்டு, சில நாள் கழிச்சு ரத்தம் கொடுங்க. அதுவரைக்கும் நான் எதுவும் எழுதல."

படியிறங்கும்போது கத்திரி முணுமுணுத்தாள். "நிறுத்தினா முடி கொட்டுமே அண்ணி."

"மயிரைக் கட்டி மலையை இழுப்போம்டி. வந்தா மலை, போனா மயிர்."

"பார்லர்காரி பேசற பேச்சா இது?"

அந்த நாட்களில் யார் தலையை அலசினாலும் அண்ணியின் புத்தி தன் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. எள்ளளவு உயிர். அது சொல்லிக்கொண்டிருக்கிறதா, ஓய்ந்துவிட்டதா?

மறுபடி போனபோது டாக்டரே கதவைத் திறந்தார்.

"ஹார்மோன் ஆயிரக்கணக்குல நிக்குது."

அண்ணி நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். கண் நிறைந்தது, ஆனாலும் கேள்விதான் முந்தியது. "அப்போ அன்னிக்கும் சொல்லிட்டுத்தான் இருந்திருக்கா?"

"விடாம."

"நாமளே துண்டைப் போட்டுட்டு, ஆள் வரலன்னு உக்காந்திருந்தோம்."

கத்திரி மூக்கை உறிஞ்சினாள். பிறகு மேஜையில் அன்று விட்டுப்போன டப்பாவை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, உங்க வகிட்டுக்கு எண்ணெயே போதும்."