மெதுவான மெஷினும் விடுவித்த கடிதமும்

அந்த மெஷினைத் தெரிவு செய்ய என் கணவருக்கு மூன்று மாதம் எடுத்தது. என்னைப் பெண் பார்த்துச் சம்மதம் சொல்ல அவருக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க ரீலோடிங் ப்ரெஸ் படங்கள். சுட்டு முடிந்த தோட்டாவின் வெறுங்கோதில் வெடிமருந்தும் குண்டும் வைத்துத் திரும்பப் புதுத் தோட்டாவாக்குகிற கைமெஷின் அது. அவர் பன்னிரண்டு வருடமாகப் போகிற துப்பாக்கிச் சுடும் கிளப்புக்குத்தான். டொலர் ஏறினதிலிருந்து வெளிநாட்டுத் தோட்டா கட்டுப்படியாகவில்லை. அனுமதி எடுத்து நாங்களே நிரப்புவோம் என்று கமிட்டி முடிவெடுத்து, மெஷினைத் தெரிவு செய்கிற வேலையை என் கணவர் யோகநாதனிடம் விட்டது. ஓய்வுபெற்ற நில அளவையாளர், கடுகளவும் பிழை விடமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். கிளப்பில் இவர் ஒருவர்தான் யாழ்ப்பாணத்தவர் என்பதும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவு நல்லவர்கள்.

"சாப்பாட்டை எங்க வைக்கிறது?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பொறும் மலர். இதில மூண்டு வகை. ஒண்டு, ஒரு இழுவைக்கு ஒரு வேலைதான் செய்யும். மற்றதில மெஷின்ர தலை சுத்திச் சுத்தி வரும். மூண்டாவது, பிடியை இழுக்க இழுக்க முழுத் தோட்டாவாய் விழும்."

"அப்ப மூண்டாவதை வாங்குங்கோவன்."

"வேகமாய் விழேக்க பிழையும் சேர்ந்து விழும். ஒண்டில மருந்து கூடினாலும் சுடுறவன்ர முகம் போயிடும். ஒவ்வொண்டாய்ச் செய்தால் ஒவ்வொண்டையும் கண்ணால பாக்கலாம்."

கடைசியில் அந்த மெதுவான மெஷினையே எழுதிக் கொடுத்தார். பதினொரு பக்க அறிக்கை. கமிட்டி ஏற்றுக்கொண்டது. மெஷினைக் கையாளப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை அனுமதிக்கு அனுப்ப வேண்டும், அதில் இவர் பெயரும் போகும் என்றார்கள். எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தோட்டா என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எங்கள் பெயர் எதற்கு? ஆனால் அன்றைக்கு, எங்கேயும் போக வேண்டியில்லாத நாளில், அவர் கண்ணாடிக்கு முன் நின்று தலை சீவினார். ஒரு பட்டியலில் தன் பெயர் நல்ல காரணத்துக்காக இருக்கப் போகிறது என்ற சந்தோஷம்.

பத்திரங்களை வாங்க ஜவாத் வந்தார். கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், கிளப்பில் இவரோடு சேர்ந்து சுடுபவர். அந்த நேரம் இவர் கண் காட்டக் களுபோவிலை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அடையாள அட்டைக் கொப்பியும் பொலிஸ் அத்தாட்சியும் போதும் என்றார் ஜவாத்.

யுத்த காலத்தில் இந்தப் பக்கத்துத் தமிழ் வீடு ஒவ்வொன்றிலும் கதவுக்குப் பக்கத்தில், சோதனைக்கு வருகிறவர்களிடம் காட்ட, ஒரு ஃபைல் இருந்தது. எங்களுடையது இன்னும் இருக்கிறது. அதில் எப்போதும் முதலாவதாக இருப்பது ஒரு கடிதம். இரண்டாயிரத்தெட்டில் ஒரு சுற்றிவளைப்பில் இவரைக் கொண்டுபோய்ப் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். புதுக்கடைக் கோர்ட்டில் ஒரு லோயருக்குப் பின்னால் அலைந்து, 'இவருக்கு எதிராக எதுவும் இல்லை, விடுவிக்கப்பட்டார்' என்று முத்திரை குத்தி நான் வாங்கிய கடிதம். அதற்குப் பிறகு யார் கதவைத் தட்டினாலும் அதைத்தான் முதலில் நீட்டுவேன். பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஜவாத் கேட்டதை மட்டும் கொடுத்திருக்கலாம். ஆனால் கை பழகிவிட்டது. இவர் சுத்தமானவர் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி என்னிடம் இல்லை. அசலையே எடுத்து எல்லாவற்றுக்கும் மேல் வைத்துக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஜவாத் ஒரு கவரோடு வந்தார்.

"மெஷின் வந்திட்டு அண்ணன். நீங்க சொன்ன அதே மெஷின்."

"பெயர்கள்?"

"மூணு பேருக்குக் கிடைச்சிருக்கு. உங்கட பேர கமிட்டி அனுப்பவே இல்ல." கவரை மேசையில் வைத்தார். "இந்தக் கடிதம்தான். பிடிச்சு வெச்ச ஆள்னு தெரிஞ்சா மொத்த அனுமதியும் நிண்டிருமாம்."

"அதில விட்டது எண்டுதானே எழுதிக் கிடக்கு?" என்றேன்.

"விடுறதுன்னா மொதல்ல பிடிச்சிருக்கணுமே அக்கா." தலையைக் குனிந்துகொண்டார். "நானும் வாயத் தொறக்கல்ல. ரெண்டாயிரத்துப் பத்தொன்பது ஈஸ்டர் குண்டுக்குப் பொறகு முஸ்லிம் ஆக்கள் எங்கட நெலமையும் தெரியும்தானே."

இவர் என்னைப் பார்த்தார்.

"நீர் குடுத்தனீரோ?"

"ஓம்."

திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜவாத் போகும்போது வாசலில் நின்று, ஞாயிறு வழக்கம்போல வந்து சுடலாம், அந்த அறைக்குள் மட்டும் போகக் கூடாது என்று சொன்னார். மெஷினைப் பொருத்தத் தெரியாமல் நிற்கிறார்கள், ஃபோனில் சொல்லிக் கொடுக்க முடியுமா என்றும் செயலாளர் கேட்டாராம்.

பின்னேரம் ஃபோன் வந்தது. இவர் அறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தார். ஃபோனைப் பறித்து ஜன்னலால் எறிய வேண்டும் போலிருந்தது. வேண்டுமென்று ஒரு இடத்திலாவது பிழையாகச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஒரு ஆணியைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. மருந்தை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள் என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

அவர் ஃபோனை வைத்ததும் நான் கவரைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். இரண்டாய்க் கிழிக்கப் பிடித்தேன்.

"கிழியாதேயும்," என்றார். "ஃபைலில வையும்."

"எந்த இடத்தில?"

"மேல."