துணைச்செடி

அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்ப்பது தப்புதான். ஆனால் அந்த வீட்டு மாமனார் விஷயத்தில் யாரும் கழுத்தை நீட்ட வேண்டியதில்லை. அவரே வாசலுக்கு வந்து ஒப்பித்துவிட்டுப் போவார். எடைமேடையில் லாரிகளை ஏற்றி இறக்கிச் சுமைக்கு எடை போட்டே ஓய்வு பெற்றவர். மகன் வீட்டில் மருமகளோடு ஒத்துப்போகாமல், மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தெருவில் யார் குழாயைப் பிரித்தாலும், யார் சுவருக்கு வெள்ளையடித்தாலும் இடுப்பில் கைவைத்து நின்று யோசனை சொல்வார். அவருக்குத் தெரு வைத்த பெயர் ‘மேற்பார்வை’.

மாப்பிள்ளை பொறுமைசாலி. தோட்டத்து மோட்டாரை மாமனார் பழுது பார்க்கிறேன் என்று புகைய விட்டபோதுகூட அவர் கத்தவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகத்தான் சொன்னார்.

“மாமா, வீட்டுல என்ன வேணா பண்ணுங்க. தோட்டத்துல மட்டும் கை வைக்காதீங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, மச்சான் வீட்டுக்குத்தான் உங்களை அனுப்பி வைக்கணும்.”

கத்தியிருந்தால் மறந்துபோயிருக்கும். மெதுவாகச் சொன்னதால் அது மாமனார் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த முறை தோட்டத்து வயலில் விதையில்லாத் தர்பூசணி போட்டிருந்தார்கள். அதன் குடும்பக் கதை கொஞ்சம் வில்லங்கமானது. மருந்து கொடுத்துக் குரோமோசோமை இரட்டிப்பாக்கிய செடி அதற்குத் தாய். சாதாரணச் செடி தகப்பன். இரண்டிலும் சேராத கணக்கோடு பிறந்த பிள்ளை என்பதால் பழத்தில் விதை முற்றாது. ஆண்பூ உண்டு, மகரந்தமும் உண்டு. எல்லாம் ஒப்புக்குச் சப்பாணி. காய் பிடிக்க வேண்டுமானால், விதையுள்ள ரகத்தின் மகரந்தம் வந்தே ஆக வேண்டும். அதற்காகவே நாற்றுக்காரர், ‘துணைச்செடி’ என்று வேறொரு தட்டு நாற்றும் கொடுத்திருந்தார். அதை இடையிடையே நட்டவள் மகள். நட்டு முடித்து நிமிர்ந்தபோது இடுப்பு அவளுடையதாகவே இல்லை.

நட்ட கையோடு, நாத்தனாருக்குப் பிரசவம் என்று புருஷனும் பெண்டாட்டியும் வெளியூர் போனார்கள். மாமனாருக்கு இட்ட வேலை தண்ணீரைத் திறந்து மூடுவது. மூடியவர் சும்மா வீட்டுக்கு வந்திருக்கலாம். வரிசைக்குள் இறங்கி நடந்தார். கொழுகொழுவென்ற நாற்றுகளுக்கு நடுவே, பூச்சி கத்தரித்ததுபோலக் கிழிந்த இலையோடு சோகை பிடித்த நாற்றுகள்!

‘நாத்துக்காரன் ஏமாத்திட்டான்’ என்று அந்த நிமிஷமே அவருக்குத் தீர்ப்பாகிவிட்டது. சுமையைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்த கண் அல்லவா! ஒன்று விடாமல் பிடுங்கி எறிந்தார். காலிக் குழிகளில், தட்டில் மிச்சமிருந்த நல்ல நாற்றுகளைப் பார்த்துப் பார்த்து நட்டார். மாப்பிள்ளை வந்ததும் சொல்லி ஒரு சபாஷ் வாங்குவதாக இருந்தார்.

மாப்பிள்ளையோ வந்ததும் வராததுமாகச் சிரித்துக்கொண்டே கேட்டார். “தோட்டத்துல கை வைக்கலையே மாமா?”

“தண்ணியத் திறந்து மூடினதோட சரி மாப்ள” என்று சொல்லி முடித்த பிறகுதான் சபாஷ் போயிற்றே என்று அவருக்கு உறைத்தது.

கொடி ஓடி வயலை மூடியது. ஊர்க்கண் படும்படி பூத்தது. பெண்பூவின் அடியில் கோலிக்குண்டுபோலப் பிஞ்சும் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக மஞ்சளாகி, சுருங்கி, தொட்டால் உதிர்ந்தது. வாடகைக்குத் தேனீப் பெட்டி வைத்திருந்தவர்மேல் பாய்ந்தார் மாப்பிள்ளை.

“உன் தேனீ எல்லாம் தூங்குதாய்யா?”

“தூங்குதா? பெட்டிகிட்ட போய்த் தட்டிக் கேளுங்க, பதில் சொல்லும்!”

“போன தடவை வந்த தேனீயே வேற. அது சுறுசுறுப்பு” என்று மாமனாரும் தன் பங்குக்கு ஒரு பிடி போட்டார்.

கடைசியில் நாற்றுக்காரரை அழைத்து வந்தார்கள். அவர் கொடிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார். பாதி வரிசையில் நின்றார்.

“துணைச்செடி எங்க? கிழிஞ்சாப்ல இலை இருக்குமே. ஒண்ணுகூட காணோம். அது இல்லாம தேனீ வந்து என்ன பண்ணும்? நலம் விசாரிச்சுட்டுப் போகும்.”

தான் பிடுங்கி எறிந்தது எது என்று மாமனாருக்கு அப்போதுதான் புரிந்தது.

மாப்பிள்ளை பெண்டாட்டி பக்கம் திரும்பினார். “நீதானே நட்ட?”

மகள் வயலைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் வரப்பில் இருந்த ஒரு புல்லை ரொம்ப அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“அந்தத் தட்டை... நட மறந்துட்டேன்போல” என்றாள்.

“மறந்துட்டியா? மூச்சு விட மறப்பியா நீ?”

அத்தனை பேர் முன்னால் அவர் அவளிடம் அப்படிப் பேசியதே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு பேசவே இல்லை. அவள் வைத்த சாப்பாட்டுத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. கழுவிய பாத்திரத்தையே அவள் திரும்பத் திரும்பக் கழுவும் சத்தம் மாமனார் அறைவரைக்கும் கேட்டது.

நாற்றுக்காரர் ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கத்து வயலில் விதையுள்ள ரகம் இருக்கிறது. காலையில் அங்கே ஆண்பூ பறித்து வந்து, இங்கே பெண்பூவில் கையால் தொட்டு வைத்தால், இனி பூப்பதிலாவது கொஞ்சம் தேறும்.

விடிந்ததும் மாமனார் வயலுக்குப் போனார். மகள் ஒரு கிண்ணம் நிறைய ஆண்பூவோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவிக்கொண்டிருந்தாள். அவரும் சேற்றில் உட்கார்ந்தார்.

“அம்மாடி, நான் சொல்லிடறேன்.”

“வேணாம்ப்பா. அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடுவாரு. அங்க அண்ணிகிட்ட நீங்க பட்டது போதும். எங்கிட்டன்னா நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருப்பாரு, அவ்வளவுதான்.”

“இல்லம்மா. பெத்தவன் செஞ்சதுக்கு நீ பேச்சு வாங்கறதா? இன்னிக்குச் சொல்லத்தான் போறேன்.”

அந்த நேரத்தில் அவர் நிஜமாகவே சொல்வதாகத்தான் இருந்தார். அதில் பொய் இல்லை.

தண்ணீர்ப் பாட்டிலோடு மாப்பிள்ளை வந்தார். சேற்றில் உட்கார்ந்திருந்த கிழவரைக் கண்டதும் அவருக்கு மனசு இளகிவிட்டது.

“இந்த வயசுல உங்களுக்கு ஏன் மாமா இதெல்லாம்? உங்களைத் தோட்டத்துல கை வைக்காதீங்கன்னு சொன்னது என் தப்பு. நடும்போது நீங்க கூட நின்னிருந்தா இப்படி ஆகியிருக்காது. இவளை நம்பினேன் பாருங்க.”

அந்த வீட்டில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்வதற்குத் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் எங்கே போயினவோ. வாயிலிருந்து வந்தது வேறு.

“நான் அப்பவே சொன்னேன் மாப்ள. இவதான் காதுல போட்டுக்கல.”

மகளின் கை பூவோடு அப்படியே நின்றது. பிறகு மெல்லத் தடவி முடித்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வயலின் மறுகோடிக்கு நடந்தாள்.

அவருக்கு எதிரே பெண்பூக்கள் விரிந்து கிடந்தன. வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அவர் கையில் ஒரு ஆண்பூகூட இல்லை.

“பூ கொண்டுவரச் சொல்லட்டுமா மாமா?”

“வேணாம் மாப்ள” என்றார் அவர். “அவளே பாத்துக்குவா.”