நாய் கொண்டு வருகிறவர்களைத் திட்டக் கூடாது

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவளுக்கு நான் வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி. அவளுக்கு இது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வாரம் முழுக்க ஊரார் மூக்கில் ஃபிரேமை மாட்டிக் கழற்றுகிறவள், ஞாயிறு விடிந்தால் நாய் பூனைகளைப் பராமரிக்கிற காப்பகத்துக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டுவிடுவாள். போகும்போது கல்யாண வீட்டுக்குப் போகிற முகம். வரும்போது எழவு வீட்டிலிருந்து வருகிற முகம்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக், வாயில்லாத மனுஷன். ஞாயிறு ராத்திரி தட்டில் கை வைத்தால் போதும், இன்றைக்கு வந்த நாயின் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது என்று ஆரம்பித்துவிடுவாள். புண், புழு, சொறி எல்லாம் வரிசையாகச் சாப்பாட்டு மேஜைக்கு வரும். அவர் மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருப்பார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாடியில் பேசுவதெல்லாம் எங்கள் சமையலறையில் கேட்கும். காதைப் பொத்திக்கொண்டு பாத்திரம் கழுவ எனக்கு நாலு கையா இருக்கிறது? நாய்க்காக இத்தனை கண்ணீர் விடுகிறவள், மாமியார் போன் செய்தால் மட்டும் அது அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவாள். அது என் விஷயமில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

காப்பகத்தை நடத்துகிறவளை எல்லோரும் வார்டன் என்பார்கள். ரப்பர் பூட்ஸும் கரகரத்த தொண்டையுமாக ஒரு பெரிய உருவம். தொட்டாச்சிணுங்கி கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழ, நாய்கள் சோற்றை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தனவாம். பட்டினியாக வந்தவற்றை இவள் வேறு பட்டினி போட்டால் எப்படி? வார்டன் அவளை வாசல் மேஜைக்கு மாற்றினாள். அங்கே வேலை சுலபம். வளர்க்க முடியாத பிராணியை யாராவது கொண்டு வந்து விட்டால் வாங்கி வைக்க வேண்டும். ஒரே ஒரு சட்டம்: அவர்களைத் திட்டக் கூடாது. பிராணி எந்தக் கோலத்தில் வந்தாலும் "நல்ல வேளை கொண்டு வந்தீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, ஒரு டீயும் கொடுக்க வேண்டும். திட்டினால் ரோஷம் வந்து திருப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்புறம் அது வீட்டுக் கொல்லையிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ கிடந்து சாகும்.

சட்டம் போட்டால் ஆச்சா? அடுத்த தெரு டைல்ஸ் கடைக்காரர் ஒரு ஞாயிறு தன் நாயைக் கொண்டு வந்தார். அதன் பெயர் கமிஷனர். குட்டியில் போட்ட கழுத்துப் பட்டையை யாரும் மாற்றவேயில்லை. நாய் வளர்ந்தது, பட்டை வளரவில்லை. தோலைக் கிழித்துக்கொண்டு கழுத்துக்குள்ளேயே புதைந்து, சீழ் வடிந்துகொண்டிருந்தது. நம்மவள் பார்த்தாள். "உங்க கழுத்துல கம்பியக் கட்டி மொட்டை மாடியில விட்டா தெரியும், மிருகம்" என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். அவர் முகம் சிவந்து, கமிஷனரை மறுபடி காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வார்டன் சத்தம் போடவில்லை. "நீ திட்டினது நல்லாத்தான் இருந்துச்சு. உள்ளுக்குள்ள நானும் கை தட்டினேன். ஆனா கழுத்து யாரோடது? சீழ் ரத்தத்துல கலந்துட்டா அது பிழைக்காது. அந்த நாயோட வந்தா வா, இல்லன்னா இந்தப் பக்கமே வராத."

அன்றைக்குத்தான் தொட்டாச்சிணுங்கி முதல் தடவையாக என் வீட்டுக் கதவைத் தட்டினாள். இத்தனை வருஷமாக உப்பு கேட்டுக்கூட வந்ததில்லை. என்னைப் பார்த்தால் படியில் ஒதுங்கிப் போகிறவள். "அக்கா, உங்களுக்கு எல்லாரையும் தெரியுமாமே" என்றாள். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. டைல்ஸ் கடைக்காரரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் கடையில் டைல்ஸைவிட அவருடைய போட்டோதான் அதிகம். பொன்னாடை போட்டுக்கொண்டு ஒன்று, குத்துவிளக்கேற்றிக்கொண்டு ஒன்று. மனுஷனைப் புகழ்ந்தால் போதும், உருகி ஓடிவிடுவார். மன்னிப்புக் கேள், புகழ், சிரி என்றேன்.

அன்று ராத்திரி மாடியில் ஒத்திகை நடந்தது. புருஷன்தான் டைல்ஸ் கடைக்காரர். இவள் சிரித்ததில் பல்வலி மாதிரி முகம் கோணியிருக்க வேண்டும், "வலிக்குதா?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. பிறகு தேறிவிட்டாள் போலிருக்கிறது. பெண்டாட்டி தன்னை வாயாரப் புகழ்வது அவருக்குப் புதுசு. எங்கே, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கண்ணாடிக் கடைக்கு லீவு போட்டுவிட்டு என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டைல்ஸ் கடைக்காரர் வீட்டுக்குப் போனாள். உள்ளே நுழையும்போதே வாடை. துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாயோடு சேர்த்து கமிஷனரைக் கட்டியிருந்தார்கள். தலையைத் தூக்கவில்லை. இவள் என் முழங்கையைப் பிடித்த பிடியில் எனக்கு ரத்தம் கட்டிவிட்டது.

அவர் சோபாவில் சாய்ந்துகொண்டு எங்களை நிற்க வைத்தே பேசினார். "நான்தான் மிருகமாச்சே. மிருகம் இருக்கிற வீட்டுக்கு எதுக்கு வந்தீங்க?"

"நேத்து நான் பேசினது தப்பு சார்" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, அது நல்லதாகப் போயிற்று. "ரோட்டுல அவுத்து விட்டுட்டுப் போறவங்கதான் நிறைய. கொண்டு வந்து விடணும்னு உங்களுக்குத் தோணுச்சே, அதுவே பெரிய மனசு."

அவ்வளவுதான், ஐஸ் உருகியது. எங்களை உட்காரச் சொன்னார். மகள் ஆசைப்பட்டுக் கேட்டதும், மகள் ஹாஸ்டலுக்குப் போனதும், மனைவிக்கு நாய் முடி ஆகாததும், தனக்கு வியாபாரம் தலைக்கு மேல் இருப்பதும் என்று ஒரு புராணமே பாடினார். என் உயிரே அவன்தான் என்றார். அந்தப் புராணத்தில் கழுத்து மட்டும் ஒரு இடத்திலும் வரவில்லை. உயிருக்கு ஒரு புதுப் பட்டை வாங்கிப் போட நேரமில்லையா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வாயைத் திறந்தும்விட்டேன். தொட்டாச்சிணுங்கி என் கால் சுண்டுவிரலை மிதித்தாள், நன்றாகவே மிதித்தாள். முகத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

கொடுக்கச் சம்மதித்தார். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். உள்ளே போய் வேறு சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் இவள், நடுவில் கமிஷனர். போன் என் கையில். "கழுத்து வேணாம், மூஞ்சி மட்டும் வர்ற மாதிரி எடுங்க" என்றார். இவள் அதற்கும் சிரித்தாள். கழுத்து தெரியாமல்தான் எடுத்தேன், வேறென்ன செய்வது?

டாக்டர் பட்டையை வெட்டி எடுத்தார். புண் ஆறுகிறது, கமிஷனர் பிழைத்துக்கொண்டான். டைல்ஸ் கடைக்காரர் அந்தப் போட்டோவை "வாயில்லா ஜீவனுக்கு வாழ்வளித்தபோது" என்று ஸ்டேட்டஸில் போட்டார். தெருவே கையெடுத்துக் கும்பிட்டுப் பதில் போட்டது. அந்த ருசி விடுமா? அடுத்த ஞாயிறே மச்சானை இழுத்துக்கொண்டு காப்பகத்துக்கு வந்துவிட்டார். மச்சான் கையில் எலும்பும் தோலுமாக ஒரு பூனை. "இந்தப் பொண்ணு தங்கமா பேசும், தயங்காம குடு" என்று சிபாரிசு வேறு. தொட்டாச்சிணுங்கி பூனையைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள். "நல்ல வேளை கொண்டு வந்தீங்க" என்று டீ கொடுத்தாளாம். வார்டனே அசந்துபோனாளாம்.

இப்போதெல்லாம் ஞாயிறு சாயங்காலம் அவள் மாடிக்கு ஏறுவதில்லை. நேராக என் சமையலறைக்கு வருகிறாள். காப்பக மேஜையில் யார் யாரையெல்லாம் பார்த்துச் சிரித்தாளோ, அத்தனை பேரையும் இங்கே உட்கார்ந்து நார் நாராகக் கிழிக்கிறாள். படித்த பெண், திட்டுவதற்கு வார்த்தைப் பஞ்சம். பாவி, கல்நெஞ்சுக்காரன் என்பதோடு நின்றுவிடும். மேற்கொண்டு வேண்டியதை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். கொஞ்சம் அழுகிறாள், மூக்கைச் சிந்துகிறாள், பிறகு முகம் கழுவிக்கொண்டு மேலே போகிறாள். லிஃப்ட் மெக்கானிக் உடம்பில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது.

நேற்று வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "அக்கா, இன்னைக்கு ஒரு கிளியக் கொண்டு வந்தாங்க. இறக்கையே இல்ல. கொண்டு வந்தவங்க உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சவங்கதான்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.