யேசுரட்ணம் என்று மட்டும் எழுதிய பெட்டி

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒஸ்லோவின் குரோருட்டில் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு என் கதைகள் பிடிக்கவில்லை. மண்டபத்தில் காத்திருந்த தாய்மாருக்குப் பிடித்துவிட்டது. நாலு வருடமாக அவர்களுக்குத்தான் சொல்லிவருகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுபத்தொரு வயதில் இப்படியொரு வகுப்பு.

போன மாதம், ஆரணியின் தாய் புஷ்பமலர் கேட்டாள்:

“அன்ரி, ஒருத்தரும் சாகாத கதை ஒண்டு சொல்லுங்கோவன். போன கிழமையான் கதையிலை ரெண்டு பேரைக் கொண்டுபோட்டியள்.”

“ரெண்டில்லை, மூண்டு. கிணத்துக்கை விழுந்தவனை நீர் கணக்கிலை எடுக்கேல்லை.”

ஒருவரும் சாகாத கதை என்றதும் எமிலியின் ஞாபகம் வந்தது. ரொம்சோஸில் நான் இருக்கும் கட்டடத்தில் எனக்கு இரண்டு மாடி கீழே இருப்பவள். அவளும் கணவன் றஜீவும் நிரந்தர விசாக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்ததைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். ஆனால் சொல்லும்போது ஓரிடத்தில் எனக்கு இருமல் வந்தது. இருமிவிட்டு, அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

எழுதும்போது இரும முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

2

முதலாவது தொடக்கம்: “பெப்ரவரி மாதம், வாசலில் பனி அள்ளிக் குவித்திருந்த ஒரு காலையில், தபால்காரர்—”

[வேண்டாம். பிறகு.]

இரண்டாவது தொடக்கம்: “காத்திருத்தல் என்பது மனித வாழ்வில்—”

[எழுதும்போதே கொட்டாவி வந்தது. வெட்டிவிட்டேன். வெட்டிய கோடு தெரியட்டும்.]

மூன்றாவது தொடக்கம்: எமிலி மன்னாரின் பேசாலையில் பிறந்தவள்.

[இது நல்லது. பெயரைத் தவிர எல்லாம் உண்மை. அவளுடைய பெயர் எமிலி அல்ல. பெயரால் வந்த கதையில் பெயரை மாற்றலாமா என்று கேட்பீர்கள். யாரென்று கண்டுபிடித்தவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.]

றஜீவ் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறான். இரண்டாயிரத்தோராம் ஆண்டு கொழும்புக்குப் போய் அவளைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் இப்போது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். முதல் மூன்று வருடமும் அவளுடைய விசா அந்தக் கல்யாணத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். இடையில் கல்யாணம் உடைந்தால் விசாவும் போகலாம். மூன்று வருடம் கழிந்து நிரந்தர விசா கிடைத்துவிட்டால் அது அவளுடைய சொந்தம், கணவன் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இந்தக் கடைசி வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள். கதையின் முள் அதில்தான் இருக்கிறது.

3

போன வருடம் ஒக்ரோபரில் விண்ணப்பம் கொடுத்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னர்தான், வெஸ்ட்லியில் இருந்த வாடகை வீட்டை விட்டு எங்கள் கட்டடத்துக்கு வந்திருந்தார்கள். நாலைந்து மாதம் ஆகலாம், வீட்டுக்குக் கடிதம் வரும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்களாம்.

எமிலி நாலு மணிக்கு வேலையால் வருவாள். வாசலில் வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் தங்களுடையதைத் திறந்து பார்ப்பாள். பிறகு தன் வீட்டைத் தாண்டி என் வீட்டுக்கு ஏறி வந்து மணியை இரண்டு தரம் அடிப்பாள். நான் தேத்தண்ணி போடுவேன்.

“வந்ததே பிள்ளை?”

“பீட்சாக் கடைக்காரன் எழுதியிருக்கிறான், அன்ரி. என்னிலை சரியான விருப்பமாம். ரெண்டு எடுத்தால் ஒண்டு சும்மா தாறானாம்.”

றஜீவ் வேலை முடிந்து வந்தால் நேரே மேலே வருவான். சப்பாத்தைக் கழற்றும்போதே சத்தம் தொடங்கிவிடும்.

“அன்ரி, இவள் என்ரை வீட்டிலை இருக்கிறதிலும் உங்கடை வீட்டிலைதான் கூட இருக்கிறாள். பொலிசுக்குச் சொல்லிப்போடுவன்.”

“சொல்லுங்கோ. விசாவை அன்ரியின்ரை பேரிலை மாத்தித் தரச் சொல்லுங்கோ.”

உண்மையைச் சொன்னால், அது நல்ல காலம். கதைக்குக் காத்திருப்பு என்றால் பெருமூச்சு வேண்டும், கண்ணீர் வேண்டும். இவர்களிடம் அது இல்லை. அவள் சன்னலில் தக்காளிக் கன்று வைத்தாள். அவன் ஞாயிறு பூசைக்குப் பிறகு ஆட்டுக்கறி காய்ச்சி ஒரு கிண்ணத்தில் எனக்கும் கொண்டுவந்தான். தைப்பொங்கல் போனது, பெரிய வெள்ளி போனது. கடிதம் மட்டும் வரவில்லை.

ஒருநாள் எமிலி றஜீவிடம் கேட்டாள்: “ஒருக்கா ரெலிபோன் அடிச்சுக் கேப்பமே?”

“விசரே உமக்கு! இரத்தினவேலண்ணை அடிச்சுக் கேட்டவர். பைலைத் தூக்கி எல்லாத்துக்கும் அடியிலை வச்சிட்டாங்களாம். பேசாமல் இரும்.”*

* இரத்தினவேலிடம் பிறகு விசாரித்தேன். அவர் அடிக்கவே இல்லையாம், மச்சான் சொன்னதாம். மச்சான் இப்போது கனடாவில். அப்படியொரு வழக்கமே கிடையாது. ஆனால் ரொம்சோஸ் முதல் வெஸ்ட்லி வரை நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். கேள்வி கேட்டால் அடி வாங்குவோம் என்று பழகிய சனம்.

இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டும். ஏப்ரலில் ஒரு பிறந்தநாள் விழா. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, விருந்துக்கு வந்திருந்த சிறீஸ்கந்தராசா, கையில் ரோல்சை வைத்துக்கொண்டு, பகிடியாகச் சொன்னார்:

“றஜீவ், கவனமடாப்பா. நிரந்தரம் கிடைச்ச பிறகு பெண்டுகளுக்குச் செட்டை முளைச்சிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். றஜீவும் சிரித்தான். ஆனால் எல்லோரும் முடித்த பிறகும் அவன் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தான். அதை நான் பார்த்தேன். எமிலியும் பார்த்தாள்.

4

மே பதினெட்டாம் திகதி எமிலிக்குப் பொறுமை முடிந்தது. றஜீவ் பஸ்ஸில். அவள் என் குசினியில் நின்று, என் ரெலிபோனில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அடித்தாள். கொஞ்ச நேரம் இசை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய முகம் மாறியது. கேள்வி கேட்டாள், திருப்பிக் கேட்டாள், நன்றி சொன்னாள், வைத்தாள்.

“அன்ரி, பெப்ரவரியிலையே முடிவு எழுதிப்போட்டினமாம். ஓமாம். நிரந்தரம் தந்திட்டினமாம்.”

“பிறகு?”

“கடிதம் திரும்பிப் போயிட்டுதாம். இந்த விலாசத்திலை இப்பிடி ஒரு ஆள் இல்லையெண்டு.”

சிரித்தாள், அழுதாள், என்னைக் கட்டிப்பிடித்தாள். கடிதத்தை மறுபடியும் அனுப்புவார்களாம். பிறகு படியால் ஓடிக் கீழே போனாள். நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன்.

தபால் பெட்டியில் “யேசுரட்ணம்” என்று மட்டும் இருந்தது.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. றஜீவுக்குத் தகப்பன் பெயர் யேசுரட்ணம். அதைத்தான் இந்த நாட்டில் அவனுடைய குடும்பப் பெயராக எழுதியிருக்கிறார்கள். எமிலியின் கடவுச்சீட்டிலோ புருஷனின் பெயர் பின்னால் நிற்கிறது: எமிலி றஜீவ். ஒரே வீடு, ஒரே கட்டில், இரண்டு குடும்பப் பெயர். வீட்டுக்கு வந்த புதிதில் கட்டடப் பராமரிப்பாளர் தந்த படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு வரி இருந்தது. றஜீவ் தன்னுடையதை எழுதிக் கொடுத்தான். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் இங்கே கடிதம் போடமாட்டார்கள்.

எட்டு மாதமாக இதை ஒருவரும் கவனிக்கவில்லையா என்றால், இல்லை. பேசாலையில் இருந்து தாய் எழுதும் கடிதமும் மருமகன் பெயருக்குத்தான் வரும், அதுதானே எங்கள் மரியாதை. சம்பளத் துண்டு கையில் கொடுப்பார்கள். மற்றதெல்லாம் றஜீவ் பெயரில். எமிலிக்கென்று, அவளுடைய பெயரை மட்டும் எழுதி, அந்தப் பெட்டிக்கு வந்த முதல் கடிதம் அந்தக் கடிதம்தான்.

5

அன்று பின்னேரமே றஜீவ் ஒரு கடதாசியில் அவளுடைய பெயரை எழுதி ஒட்டினான். ஒரு கிழமையில் கடிதம் வந்தது. கேக் வெட்டினார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் புஷ்பமலருக்குச் சொன்ன கதையாகவே இருந்திருக்கும்.

இரண்டு நாளைக்கு முன் எமிலி தனியாக வந்தாள். மணியை ஒரு தரம்தான் அடித்தாள். தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

“அன்ரி, அவர் தெரிஞ்சுதான் என்ரை பேரை விட்டவரோ?”

“சீ. ஏன் பிள்ளை அப்பிடி நினைக்கிறீர்?”

“நான் அடிப்பம் எண்டு கேட்டபோதும் வேண்டாம் எண்டவர். கடிதம் வந்தால் நான் போயிடுவன் எண்டு பயந்தவரோ எண்டு கேட்டுப்போட்டன். அவர் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளியிலை போயிட்டார். ரெண்டு நாளாக் கதைக்கேல்லை.” கோப்பையை ஒரு சுற்றுத் திருப்பினாள். “ஓகஸ்டிலை ஊருக்கு, மடுக்கோயில் திருவிழாவுக்கு ரெண்டு பேரும் போற எண்டுதான் இருந்தது. நாளையிண்டைக்கு ரிக்கெட் சொல்ல வேணும். நான் எனக்கு மட்டும் சொல்லுவமோ எண்டு பாக்கிறன்.”

இனி எழுதுபவளின் வேலை. றஜீவை நான் என்ன செய்வது?

ஒன்று: அவன் தெரிந்தே செய்தான். [எழுதிப் பார்த்தேன். அரைப் பக்கத்தில் அவனுக்கு மீசை தடித்து, குரல் மாறி, எங்கிருந்தோ ஒரு நாடக வில்லன் வந்துவிட்டான். ஆட்டுக்கறிக் கிண்ணத்தோடு படியேறி வந்தவன் இவன் இல்லை. கிழித்துவிட்டேன்.]

இரண்டு: அவன் மறந்துதான் விட்டான். பிறகு, கடிதம் வராத ஒவ்வொரு நாளும் மனதின் ஒரு மூலையில் அவனுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதனால்தான் அவள் கேட்டபோது எழும்பிப் போனான். [இதை நம்புகிறேன். பிழை செய்யாதவனுக்கும் பயம் இருக்கலாம்.]

மூன்று: கடிதம் திரும்பிப் போனதற்கு றஜீவ் காரணமே இல்லை.

மூன்றாவதை எழுதினால் முதலாவது தொடக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். “பெப்ரவரி மாதம், வாசலில் பனி—”

[தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருகிறேன்.]

6

பெப்ரவரி மாதம், வாசலில் பனி அள்ளிக் குவித்திருந்த ஒரு காலையில், தபால்காரர் பெட்டிகளுக்கு முன்னால் நின்றார். வழக்கமாக வரும் மனிதர் இல்லை, அவருக்குப் பதிலாக வந்தவர். நெடுத்த ஆள். பெரிய பூட்ஸ், இடுப்பில் பட்டி, சீருடை. கையில் ஒரு கடிதம். நான் குப்பைப் பையோடு இறங்கி வந்தேன். அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் சட்டப்படி கேட்கத் தேவையில்லை. நல்ல மனிதர், கேட்டார்.

“றஜீவ்? இங்கே றஜீவ் என்று யாராவது இருக்கிறார்களா?”

“இல்லை,” என்றேன்.

“நிச்சயமாகவா?”

“அப்படி ஒருவரும் இல்லை. நான் இங்கே பத்து வருடமாக இருக்கிறேன்.”

அவர் நன்றி சொல்லிவிட்டுக் கடிதத்தைப் பையில் வைத்தார்.

அவர் தபால்காரர் என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. வாய்க்குத் தெரியவில்லை. சீருடை போட்ட ஒருவன் வாசலில் நின்று ஓர் இளம் ஆணின் பெயரைச் சொல்லிக் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சண்டைக் காலத்து மன்னாரில் என் வாய் வருடக்கணக்காகப் பழகியது. அந்தப் பதிலால் ஒரு தடவை, பக்கத்து வீட்டு அல்பேர்ட் பிழைத்தான். (இப்போது பாரிஸில் மீன் விற்கிறான். ஒருவரும் சாகாத கதை என்று சொன்னேனே.)

கேளுங்கள், இதைவிட வெட்கம் ஒன்று இருக்கிறது. குப்பையைப் போட்டுவிட்டுப் படியேறும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பாவம் றஜீவ், ஏதோ பிரச்சினை போலிருக்கிறது, காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அவன் பயப்படக் கூடாது என்று அவனிடம்கூடச் சொல்லவில்லை. அவர் வாசித்தது எமிலியின் குடும்பப் பெயர், கடிதம் அவளுடையது என்று மே பதினெட்டு வரை நான் நினைக்கவே இல்லை. அன்று அவள் என்னைக் கட்டிப்பிடித்தபோது விளங்கியது. அப்போதே சொல்லியிருக்கலாம். மகிழ்ச்சியான வீட்டில் எதற்கு என்று விட்டேன். இரண்டு நாளைக்கு முன்னும் சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு மணிச் சத்தமும் இனி வராது என்று பயந்தேன்.

ஆக, பயந்தவள் நான். அதை றஜீவின் தலையில் வைத்து எழுதப் பார்த்தேன்.

7

முடிவுகள்:

இந்தக் கொப்பியை மூடி அலுமாரியில் வைக்கலாம். அடுத்த சனிக்கிழமை வேறு கதை, நாலு பேர் சாவார்கள், புஷ்பமலர் ஏசுவாள்.

எமிலி வரும்போது வாயால் சொல்லலாம். எனக்கு இருமல் வரும்.

மூன்றாவதைச் செய்துவிட்டேன். இதுவரை எழுதிய ஆறு பகுதிகளையும் கொப்பியில் இருந்து பிடுங்கி ஓர் உறையில் வைத்தேன். வெளியே அவளுடைய பெயரை மட்டும் எழுதினேன், உண்மையான பெயரை. எனக்குத் தெரிய, அவளுடைய பெயருக்கு மட்டும் அந்தப் பெட்டிக்கு வந்த கடிதங்களில் இது மூன்றாவது. முதலாவதைத் திருப்பி அனுப்பியவளே இதைப் போடுகிறாள். கீழே இறங்கிப் போனேன். றஜீவ் ஒட்டிய கடதாசியின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. விரலால் அழுத்திவிட்டு, உறையைப் பெட்டிக்குள் போட்டேன். விழுந்த சத்தம் கேட்டது. இனி எடுக்க முடியாது, திறப்பு அவர்களிடம்.

இப்போது மணி மூன்றே முக்கால். இந்த ஏழாவது பகுதி மட்டும் என்னிடம் இருக்கிறது. மற்ற ஆறும் எமிலி திருப்பித் தந்தால்தான் உங்களுக்கு வரும். இதை உங்களிடம் தருகிறேன், மண்டபத்தில் காத்திருக்கும் என் பிள்ளைகளே. எமிலி நாலு மணிக்கு வருவாள். ரிக்கெட்டுக்கு இன்றுதான் சொல்ல வேண்டும். நான் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூன்று கோப்பைகளை எடுத்து வைத்திருக்கிறேன். மணி இரண்டு தரம் அடிக்கிறதா, ஒரு தரமா, அடிக்கவே இல்லையா, எத்தனை பேர் மடுவுக்குப் போகிறார்கள் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அவசரமில்லை, பிள்ளைகள் வகுப்பு முடிந்து வர இன்னும் நேரம் இருக்கிறது.

ஒருவரும் சாகக் கூடாது. அது ஒன்றுதான் நான் கேட்பது.