வயிற்றுத் தோல் வாஷர்

ஆம்பூர்த் தோல் கம்பெனியில், சாயக் கொட்டகைக்கு வெளியே, சௌந்தரமும் கோவிந்தம்மாளும் ஆளுக்கொரு பக்கம் நின்று காற்றுப் பம்பை அழுத்திக்கொண்டிருந்தார்கள். பம்பு காற்றை இரும்புத் தொட்டிக்குள் திணிக்கும். அந்தக் காற்று குழாய் வழியே உள்ளே போய்த் தோல்மீது சாயத்தைப் பனிபோலத் தூவும். மீட்டர் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் சாயம் சொட்டுச் சொட்டாக விழுந்து தோல் வீணாகிவிடும். அப்புறம் மேஸ்திரி மக்பூல் அகமதுவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இருவருக்கும் இந்த வேலை பிடித்திருந்தது. தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் கால் வைக்க வேண்டாம். தவிர, விடாமல் அடித்தால் பம்பு கை வைக்க முடியாதபடி கொதிக்கும். உள்ளே காற்றுக் கசியாமல் அடைத்திருக்கும் தோல் வாஷர் கருகாமலிருக்க அது ஆறும்வரை நிறுத்தியாக வேண்டும். ஆட்களுக்கு ஓய்வு கிடையாது, பம்புக்கு உண்டு. அந்த நேரத்தில் சௌந்தரம் புங்கமரத்துத் தூளிக்கு ஓடிக் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிடுவாள்.

முப்பத்தாறாம் வருஷத்துக் கோடையில் மேஸ்திரிக்கு ஒரு யோசனை வந்தது. பம்பைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டினார். பம்பு சூடேறவில்லை, நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. பால் கொடுக்கும் நேரத்துக்காவது நிறுத்தச் சொல்லிச் சௌந்தரம் கேட்டுப் பார்த்தாள். குழந்தைக்காக மெஷினை நிறுத்தினால் முதலாளி தன்னையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். அன்று மதியம் குழந்தை வீறிட்டு அழுது தானாக ஓய்ந்தது. சௌந்தரத்தின் மாராப்பு பாலில் நனைந்து ஒட்டிக்கொண்டது. அவள் அழுதுகொண்டே பம்பை அழுத்தினாள்.

மறுநாள் காலை வாஷர் மாற்ற வேண்டியிருந்தது. அது கோவிந்தம்மாளின் வேலை. துண்டுத் தோல் குவியலைக் கிளறியவள், கெட்டியான முதுகுத் தோலை ஒதுக்கிவிட்டுத் தொளதொளவென்றிருந்த வயிற்றுத் தோலை எடுத்தாள்.

"அக்கா, அது மத்தியானம் வரைக்கும்கூட தாங்காதே."

"தாங்க வேணாம்டி. உம் புள்ளைக்குப் பசிக்கிறப்போ பிஞ்சா போதும்."

சௌந்தரத்துக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. மேஸ்திரி கண்டுபிடித்தால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும்.

உச்சி வேளையில் முள் சரிந்தது. பம்பைப் பிரித்த மேஸ்திரி கிழிந்த வாஷரைப் புரட்டிப் பார்த்தார். எண்ணெய் ஊறிக் கறுத்துப்போயிருந்த அது வயிற்றுத் தோலா முதுகுத் தோலா என்று அவருக்குத் தெரியவில்லை. பேஜார் பிடித்த மெஷின் என்று திட்டிவிட்டு, புதிதாக வெட்டி விளக்கெண்ணெயில் நன்றாக ஊறவைக்கச் சொன்னார். அவசரப்பட்டால் மெஷின் கெட்டுவிடுமாம். கோவிந்தம்மாள் மறுபடியும் வயிற்றுத் தோலையே வெட்டிக் கொடுத்தாள்.

வாஷர் ஊறும் கிண்ணத்தை மேஸ்திரியே பதனமாக ஏந்திக்கொண்டு புங்கமரத்தடிக்கு வந்தார். அங்கே சௌந்தரம் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காரும்மா. வெயில் பட்டா தோலு முறுக்கிக்கும்."

அவள் சந்தோஷமாகவே நகர்ந்தாள். மேஸ்திரி கிண்ணத்தை நிழலில் வைத்து, தூசி விழாமல் தன் கைக்குட்டையால் மூடிவிட்டுப் போனார். சௌந்தரம் வெயிலில் உட்கார்ந்து முந்தானையைக் குழந்தையின் முகத்துக்கு மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அது கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தது.