நாற்பத்திரண்டு முறை வேஷம் கட்டிய குறி

அக்காவைக் கட்டியவர் பெரிய சகலை, தங்கையைக் கட்டியவர் சின்ன சகலை. இருவருக்கும் ஒரே அலுவலகம். மேசைகள்கூட முழங்கை இடிக்கும் தூரத்தில்தான். கடைகளின் மின்திரைகளில் என்ன தெரியவேண்டும் என்று எழுதித் தருவது அங்கே வேலை.

பெரிய சகலையின் வயிற்றெரிச்சல் சாதாரணமானதல்ல. சின்ன சகலைக்கு ஜலதோஷம் பிடித்தால், அவருக்கு மட்டும் எப்படி ஒன்பது தும்மல் வந்தது என்று இவர் மூக்கைத் தேய்த்துக்கொள்வார்.

அந்த மாதம் பிரிவுத் தலைவர் நாற்காலி காலியானது. போட்டியில் இந்த இருவர்தான். மேலாளர் அம்மா, “மெத்தைக் கடைத் திறப்பு முடியட்டும். யார் வேலை சுத்தமா இருக்கோ அவங்களுக்கு” என்று சொல்லிவிட்டார்.

கடையின் பெயர் ‘தகப்பன் & மகள்கள்’. வாசலுக்கு மேலே பதினைந்தடி நீளத் திரையில் அந்தப் பெயர் வலமிருந்து இடமாக ஓடவேண்டும். அதை எழுதியவர் சின்ன சகலை. அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. நடுவில் வளைந்து நெளிந்து உட்கார்ந்திருக்கும் அந்த & குறியைத் திரையை இயக்கும் கணினிமொழி தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிறது. சும்மா எழுதினால், ஏதோ கட்டளை வருகிறது என்று இயந்திரம் காத்திருந்து கோபித்துக்கொண்டு திரையையே அணைத்துவிடும். அதனால் அதற்கு வேஷம் கட்டி, ‘&amp;’ என்று எழுதவேண்டும். இயந்திரம் வேஷத்தைக் கலைத்து, வெறும் குறியை மட்டும் திரையில் காட்டும். இதற்கு எஸ்கேப் செய்வது என்று பெயர். சின்ன சகலை அதை முறையாகச் செய்துவைத்திருந்தார்.

“பாத்தீங்களா, எவ்வளவு சுத்தம்!” என்றார் மேலாளர் அம்மா.

பெரிய சகலை மதியச் சாப்பாட்டைப் பாதியிலேயே மூடிவைத்தார். ஒரு குறிக்கு வேஷம் கட்டியதற்கா நாற்காலி?

மேலாளர் அம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோப்பில் யார் யார் கைவைத்தார்கள் என்ற பட்டியலில் கடைசி வரியை மட்டும்தான் பார்ப்பார். அங்கே யார் பெயரோ அவர்தான் வேலையை முடித்தவர். மேலே இருப்பவர்களெல்லாம் சும்மா வந்துபோனவர்கள்.

ஆகவே பெரிய சகலை கடைசி வரிக்குக் குறிவைத்தார். எதையும் மாற்றாமல் கோப்பைச் சேமித்தால் பெயர் விழாது. எதை மாற்றுவது? கோப்பைத் திறக்காமலே அதிலுள்ள குறிகளுக்கு வேஷம் கட்டிவிட ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினார். ஏற்கெனவே சரியாக இருப்பதை இன்னொரு முறை சரிசெய்தால் கூடுதல் சரியாகிவிடும் என்பது அவர் எண்ணம். கட்டிய வேஷத்துக்கு மேல் இன்னொரு வேஷம் ஏறும், இயந்திரமோ ஒன்றைத்தான் கலைக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பொறாமைப்படும் நேரத்தில் தெரிந்ததெல்லாம் ஞாபகம் வராது.

அரைமணியில் சின்ன சகலை பட்டியலைப் பார்த்தார்.

“என்னண்ணா, என் கோப்புல உங்க பேர் இருக்கு?”

“உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு லேசா ஒரு தட்டு தட்டினேன், சகலை. தப்பா?”

“சேச்சே. உங்க கை பட்டா நல்லதுதானே” என்று சிரித்த சின்ன சகலை, பெரியவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அதே பொத்தானை அமுக்கினார். கடைசி வரி மறுபடி அவருடையது. பெரியவர் திரும்பிவந்து பார்த்தார், அமுக்கினார். சின்னவருக்குத் தொலைபேசி வந்தது. அவர் எழுந்ததும் பெயர் பத்திரமாக இருக்கிறதா என்று பெரியவர் எட்டிப் பார்த்தார். இல்லை. மறுபடி அமுக்கினார். அன்றைக்கு அந்த அலுவலகத்தில் இரண்டு பேர் குடித்த தண்ணீரில் ஒரு தோட்டமே பிழைத்திருக்கும். மாலை ஐந்தரைக்குக் கணக்கு நாற்பத்திரண்டு. ஆளுக்கு இருபத்தொன்று. கடைசி வரியில் சின்ன சகலை. பெரியவர் வண்டிச் சாவியை எடுக்கக் குனிந்த நேரத்தில் நடந்த அநியாயம் அது.

மறுநாள் காலை கடைத் திறப்பு. கடை முதலாளியும் அவருடைய நான்கு மகள்களும் வாசலில் நின்றார்கள். அலுவலகத்திலிருந்து மேலாளர் அம்மாவும் இரண்டு சகலைகளும் வந்திருந்தார்கள். ‘மகள்கள்’ என்ற சொல் தலைக்கு மேல் வரும்போது படம் எடுக்கவேண்டும் என்று புகைப்படக்காரருக்கு உத்தரவு.

‘தகப்பன்’ வந்தது. & வந்தது. பிறகு ‘amp;’ வந்தது. அதன் பின்னால் இன்னொரு ‘amp;’. அதன் பின்னால் அதன் தம்பி. சரக்கு ரயில் போல வந்துகொண்டே இருந்தன. எதிர் நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றவர்கள், மீதியையும் பார்த்துவிடுவோம் என்று இரண்டு பேருந்தை விட்டார்கள். சவரக் கடையிலிருந்து பாதிக் கன்னத்தில் நுரையோடு ஒருவர் வந்து நின்றார், நுரை காய்ந்தது. ஒருவழியாக ‘மகள்கள்’ வந்தபோது மூத்த மகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். படம் அப்படியே விழுந்தது.

“எங்களைக் கடைசிப் பெட்டியில ஏத்தினது யாரு?” என்று கத்தினாள் அவள்.

மேலாளர் அம்மா கைப்பேசியில் கடைசி வரியைப் பார்த்தார். “சின்னவரே, இங்க வாங்க.”

பெரிய சகலை கூட்டத்தின் ஓரத்தில் தூண் மறைவில் இருந்தார். வாயைத் திறக்காமல் நின்றால் போதும், நாற்காலி அவருக்குத்தான். வாயை மூடிக்கொண்டுதான் நின்றார்.

திட்டு ஆரம்பித்தது. முதலில் முதலாளி. பிறகு மகள்கள், வயது வரிசைப்படி. நடுவில் சின்ன சகலை, கல்யாண மாப்பிள்ளை மாதிரி தலைகுனிந்து நின்றார். தெருவே அவரைப் பார்த்தது. நுரைக்காரர், “யாரு இவரு?” என்று கேட்க, “இவர்தான் அதைச் செஞ்சவராம்” என்று நாலு பேர் சொன்னார்கள். பெரியவருக்கு அடிவயிற்றில் லேசாகப் புகைந்தது.

கடைசியில் மேலாளர் அம்மா வந்தார். “இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். ரெண்டு தடவை எஸ்கேப் பண்ணினவங்களைப் பாத்திருக்கேன். மூணு தடவைகூடப் பாத்திருக்கேன். திரையில எண்ணிட்டேன், நாப்பத்திரண்டு தடவை! இதுக்கெல்லாம் தனி மூளை வேணும்யா. உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

ஒருத்தரா?

பெரிய சகலை தூணை விட்டு வெளியே வந்ததை அவருடைய கால்கள்தான் முடிவுசெய்தன.

“மேடம், அதுல இருபத்தொண்ணு என்னோடது.”

தெரு மொத்தமும் இவர் பக்கம் திரும்பியது.

“அண்ணா, சும்மா இருங்க. மேடம் என்னைத்தானே கேக்கறாங்க” என்றார் சின்ன சகலை பல்லைக் கடித்துக்கொண்டு.

“நீ சும்மா இரு. மேல பாருங்க மேடம், பட்டியல்ல இருக்கு. ஆரம்பிச்சதே நான்தான்.”

மேலாளர் அம்மா வாழ்க்கையில் முதல்முறையாகப் பட்டியலை மேலே தள்ளிப் பார்த்தார். பார்த்துவிட்டு, “நாற்காலிக்கு வெளியாள் ஒருத்தரைத் தேடிக்கறேன்” என்றார். அதன்பின் முதலாளி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், இந்த முறை இருவருக்கும் சேர்த்து.

பெரிய சகலை ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தார். தனக்கென்று கிடைத்ததில் சரிபாதி பறிபோன சின்ன சகலையின் முகம் சிவந்து, உதடு துடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் கைகளைக் கட்டிக்கொண்டு, திட்டு நன்றாகக் காதில் விழுமாறு ஓர் அடி முன்னால் நகர்ந்து நின்றார்.